எந்தப் பதிப்பு நல்லது என்று கேட்டவர்களுக்கு

புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளோடு நான் விளையாடும் கதை விளையாட்டைப் பற்றி இங்கே இரண்டொரு படம் போட்டிருந்தேன். அன்றிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்வி: "டீச்சர், இதில நிறையப் பதிப்பு இருக்காமே, எதை வாங்கட்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஏலாது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரக்காரி, பூட்டுத் திறக்கிற கள்ளன், இப்படி. "பழைய தேயிலை ஃபெக்டரி ஒன்றுக்கு முன்னால் நிற்கிறீர்கள். பனி இறங்கிவிட்டது. மேல்மாடியில் ஒரு வெளிச்சம். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் அங்கே விதி வரும். பெரும்பாலும் கட்டை உருட்டித் தீர்ப்பார்கள். கம்பியூட்டர் வேண்டாம், பலகை வேண்டாம், வென்றவர் தோற்றவர் என்று இல்லை. கதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயம் இல்லை. பெரகல சந்தியிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வருகிற பன்னிரண்டு பேர், தரம் 8, 9. ஆறு ஆறாகப் பிரித்து, ஒரு கிழமைக்கு ஒரு குழு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த நாளிலிருந்து வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். கேள்வி கேட்டால் கொப்பியைப் பார்ப்பார்கள். பிழையான விடை சொல்வதை விடப் பேசாமல் இருப்பது பாதுகாப்பு என்று நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு பதிப்பையும் பார்த்தது இந்த ஒரு கண்ணால்தான். இந்த விதி அந்தப் பிள்ளையைக் கதைக்க வைக்குமா, இல்லையா?

இனி வரலாறு, சுருக்கமாக. 1974 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கேரி கைகெக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். முதல் அச்சு 1000 பிரதிகள். பொம்மைப் படைவீரர்களை வைத்து விளையாடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அதற்குப் பிறகு 1981 இல் டொம் மோல்ட்வே எழுதிய 64 பக்க அடிப்படைப் புத்தகம், 1989 இல் இரண்டாம் பதிப்பு, 2000 இல் மூன்றாவது, 2008 இல் நான்காவது, 2014 இல் ஐந்தாவது, 2024 இல் அதன் திருத்தம். இதற்கு வெளியே வேறு ஆட்கள் செய்த முறைகள் தனி. எங்கள் நானா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டு வந்தது 2014 ஆம் ஆண்டின் தொடக்கப் பெட்டி. 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதை, ஆறு கட்டைகள். அதோடுதான் நான் தொடங்கினேன்.

பழைய பதிப்புக்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு உதாரணம். இரண்டாம் பதிப்பில் காப்பு எண் என்று ஒன்று உண்டு. எதிரியை அடிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும். அந்த எண் குறையக் குறையக் கடினம் கூடும், பூச்சியத்துக்குக் கீழேயும் போகும். உங்கள் தாக்குதல் எண் 20, எதிரியின் காப்பு எண் 5 என்றால், 20 இலிருந்து 5 ஐக் கழித்து, இருபது முகக் கட்டையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். காப்பு எண் மறை 3 என்றால்? 20 கழித்தல் மறை 3, அதாவது 23. தரம் 8 பிள்ளைகள் மறை எண்ணைக் கழிக்கிற இடத்தில் தடுமாறுவது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. எதிரியின் காப்பு 15, கட்டையில் 15 வந்தால் அடி விழும். வாய்ப்பு இரண்டிலும் அதே 20 இல் 6 தான். ஆனால் ஒன்றில் பிள்ளை கணக்குப் போடுகிறது, மற்றதில் கதைக்குத் திரும்புகிறது. கணித ஆசிரியர்களுக்கு இரண்டாம் பதிப்பு நல்லது என்று நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுண்டு. எனக்கு மூன்றாவதன் வழி போதும்.

ஆனால் மூன்றாம் பதிப்பு வேறொன்றையும் கொண்டு வந்தது. தேடுதல், பேச்சுவார்த்தை, ஏமாற்றுதல் எல்லாவற்றுக்கும் தாளில் ஒரு திறன், ஒரு எண். 1981 ஆம் ஆண்டு விதியில் அலுமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், "அலுமாரியைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்று பிள்ளை வாயால் சொன்னாலே பாதி வழி வந்துவிடும். புதிய முறையில், "தேடுறேன் டீச்சர்" என்று கட்டையை உருட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள அது நல்ல இடம். பெரிய ஆட்கள் விளையாடும்போது இது ஒரு குறையே இல்லை. எங்கள் மேசையில் குறை.

அடுத்தது புள்ளி. பரீட்சைத் தாள் திருத்துகிற எல்லோருக்கும் இது தெரியும்: எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதைத்தான் பிள்ளை செய்யும். 1981 இல் அனுபவப் புள்ளியின் பெரும்பங்கு, கண்டெடுத்து வெளியே கொண்டு வரும் தங்கத்துக்கு. ஒரு தங்க நாணயத்துக்கு ஒரு புள்ளி. அரக்கனைக் கொன்றால் கிடைப்பது அற்பம். அதோடு முதல் மட்டத்து மந்திரக்காரிக்குச் சாதாரணமாக நான்கு உயிர்ப்புள்ளிக்கு மேல் இராது, ஒரு அம்பு பட்டாலே முடிந்துவிடலாம். ஆகவே பிள்ளைகள் சண்டையைத் தவிர்க்க வழி தேடுவார்கள். கதவில் காது வைத்துக் கேட்பார்கள், சுற்றுப்பாதை கேட்பார்கள், பேரம் பேசுவார்கள். மூன்றாம் பதிப்பில் எதிரிகளை வெல்வதற்கே முக்கியமாகப் புள்ளி. அங்கே வாளை உருவுகிறார்கள். அதே பிள்ளைகள்தான், மாறியது புள்ளித்திட்டம்.

1981 ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சின்ன அட்டவணை. வழியில் யாரையாவது சந்தித்தால், அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று பார்க்க இரண்டு சாதாரணக் கட்டைகள். கூட்டுத்தொகை 2 வந்தால் உடனே தாக்குவார். அதன் வாய்ப்பு 36 இல் 1. 12 வந்தால் சிநேகம், அதுவும் 36 இல் 1. 6 முதல் 8 வரை வந்தால் அவரே இன்னும் முடிவெடுக்கவில்லை. அதன் வாய்ப்பு 36 இல் 16. அதாவது எதிரே வருபவர் எதிரி என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. அதிகம் நடக்கக்கூடியது, நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று அவர் பார்த்துக்கொண்டு நிற்பது. இந்த நாட்டில், இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இந்த அட்டவணையைச் சும்மா கடந்து போக எனக்கு ஏலவில்லை.

இதோடு சேர்ந்த ஒரு மொழிச் சிக்கல். பழைய புத்தகங்கள் பல குள்ளர், காட்டுவாசி என்ற பிரிவுகளை "ரேஸ்" என்றன. 2024 புத்தகம் அந்தச் சொல்லை விட்டுவிட்டு "ஸ்பீஷீஸ்" என்கிறது. நான் தமிழில் எப்படிச் சொல்வது? "இனம்" என்று எழுதினால் பிறப்புச் சான்றிதழின் ஞாபகம் வரும். "குலம்" என்றால் அதைவிட மோசம். பிள்ளைகளிடமே கேட்டேன். ஒரு மகள் சொன்னா, "ஊருன்னு போடுவோம் டீச்சர். குள்ளருங்க ஊரு, காட்டு ஊரு." அன்றிலிருந்து எங்கள் தாளில் "எந்த ஊர்?" என்றுதான் இருக்கிறது. அமெரிக்காவில் பல வருடம் வாதாடிய விஷயம் எங்கள் மேசையில் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

யாருடைய கதை என்ற கேள்வியும் பதிப்போடு மாறி வந்திருக்கிறது. 2021 இல் வெளிவந்த ரேவன்லொஃப்ட் புத்தகத்தில் இந்தியச் சாயல் கொண்ட கலாகேரி என்ற நாட்டை எழுதியவர் அஜித் ஜோர்ஜ். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் என்ற விடுதிப் பாடசாலையோடு தொடர்புடையவர். அவருடைய தந்தை தொடங்கிய பாடசாலை அது. 2022 இல் அவரும் இன்னொருவரும் தலைமை தாங்கி, 13 கதைகள் கொண்ட ரேடியன்ட் சிட்டடெல் புத்தகம் வந்தது. எழுதியவர்கள் எல்லோரும் வெள்ளையர் அல்லாதவர்கள். அதில் ஒரு கதை வங்காளச் சாயல் கொண்ட ஆற்றுநாட்டில் நடக்கிறது, எழுதியவர் மிமி மொண்டல். சந்தோஷமான விஷயம். ஆனாலும் லயமும் பெரட்டுக் களமும் எந்தப் பதிப்பிலும் இல்லை. அதை எங்கள் பிள்ளைகள்தான் வரைகிறார்கள், பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில். அவர்களுடைய பாதாளக் கோட்டை ஒரு மூடிக்கிடக்கும் தேயிலை ஃபெக்டரி.

இப்போது மற்ற முறைகள். இருபது முகக் கட்டை ஹப்புத்தளையிலும் இல்லை, பண்டாரவளையிலும் நான் கண்டதில்லை. லூடோ பெட்டியில் வரும் ஆறு முகக் கட்டைதான் இங்கே கிடைக்கும். இந்தப் பிரச்சினை அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது. 1975 இல் கென் சென்ட் ஆன்ட்ரே என்பவர் டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸ் என்று ஒன்றை ஆறு முகக் கட்டையோடு மட்டும் செய்தார். எழுபதுகளின் இறுதியில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பெட்டிக்கே கட்டை போதாமல், இலக்கம் அச்சடித்த கடதாசித் துண்டுகளை வைத்து விற்றார்கள். வெட்டி, கோப்பையில் போட்டு, கண்ணை மூடி எடுக்க வேண்டும். வறிய பாடசாலைக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

ஆறு முகக் கட்டை முறைகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2010 இல் வின்சென்ட், மெகி பேக்கர் தம்பதியர் தொடங்கிய வழி. அதைப் பின்பற்றி 2012 இல் வந்த டன்ஜன் வேர்ல்ட் மாயாஜாலக் கதைக்கானது. இரண்டு கட்டைகளை உருட்டி, உங்கள் திறனைக் கூட்டுங்கள். 10 அல்லது மேலே வந்தால், நினைத்தது நடந்தது. 7 முதல் 9 வரை வந்தால், நடந்தது, ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது கீழே வந்தால் கதை உங்களுக்கு எதிராகத் திரும்பும். திறன் ஒன்று கூட்டினால் முழு வெற்றி 36 இல் 10, தோல்வி 36 இல் 10, "ஆம், ஆனால்" 36 இல் 16. வாழ்க்கைக்கு இது மிகவும் கிட்டிய கணக்கு என்று எனக்குத் தோன்றும்.

அதைவிட முக்கியம், 6 அல்லது கீழே வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு அனுபவப் புள்ளி. ஆம், தோற்றதற்குப் புள்ளி. வெட்டுப்புள்ளியில் நின்றுபோன ஒரு மகன் இந்த விதியை நம்பவே இல்லை. "பெயிலானா எதுக்கு டீச்சர் மார்க்ஸ்?" என்று கேட்டான். "முயற்சி செஞ்சு பார்த்ததுக்கு" என்றேன். அடுத்த கிழமை எல்லோருக்கும் முன்னால் கயிற்றில் இறங்கியவன் அவன்தான்.

இங்கேதான் ஒரு வாப்பா வந்தார். மரியாதையான மனிதர், சத்தம் போடவில்லை. "டீச்சர், கதையெல்லாம் நல்லம். ஆனா இது தாயக்கட்டை தானே?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நர்து விளையாட்டைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் விளையாட்டுகளைப் பற்றி வரும்போது ஒரு பிரிப்பு உண்டு: கணக்கிலும் யோசனையிலும் நிற்பது ஒன்று, கட்டை விழுவதில் நிற்பது இன்னொன்று. சதுரங்கத்தையும் நர்தையும் வேறுபடுத்துவது அந்த இடத்தில்தான். பந்தயம் இல்லாத, கதை சொல்வதற்கான கட்டை இதில் எந்தப் பக்கம் என்று ஆலிம்களிடம் கேளுங்கள். ஃபத்வா சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தப் பழைய பிரிப்பு எனக்குக் கையில் ஒரு அளவுகோலைத் தந்தது. ஒவ்வொரு பதிப்பையும் எடுத்து, இதில் அதிர்ஷ்டம் எங்கே நிற்கிறது, யோசனை எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். நான் முதலில் கேட்ட கேள்வியும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெற்றோரின் மனக்குறைக்காக விதி மாறுவது புதிதும் இல்லை. 1983 இல் அமெரிக்காவில் பட்ரீசியா புல்லிங் என்ற தாய், மகனை இழந்த துயரத்தில், இந்த விளையாட்டுக்கு எதிராக ஒரு இயக்கமே தொடங்கினார். அவர் சொன்ன காரணம் நிற்கவில்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் பெற்றோரின் கோபத்தைப் பார்த்து, 1989 இரண்டாம் பதிப்பிலிருந்து பேய், பிசாசு என்ற சொற்களை எடுத்துவிட்டுப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். மூன்றாம் பதிப்பில் அவை திரும்பி வந்தன. பதிப்பு என்றால் வானத்திலிருந்து விழுவது அல்ல. மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள், வீட்டில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு ஒருவர் கொடுத்த பதில்.

கட்டை இல்லாத முறையும் ஏற்கெனவே இருக்கிறது. 1991 இல் எரிக் வூய்சிக் வெளியிட்ட ஆம்பர். யாருடைய திறன் கூடவோ அவர் வெல்வார். குறைந்தவர் வெல்ல வேண்டுமானால் நிலைமையைத் தனக்குச் சாதகமாக மாற்ற வேண்டும். மாற்றுவது வாயால், யோசனையால்.

ஆகவே நாங்கள் மூன்றையும் சேர்த்துத் தைத்துக்கொண்டோம். 1981 இலிருந்து வரைபடமும், சண்டைக்குப் புள்ளி அதிகம் கொடுக்காத பழக்கமும். 2012 இலிருந்து "ஆம், ஆனால்" என்பதும், தோல்விக்குப் புள்ளியும். 1991 இலிருந்து கட்டை இல்லாமை. விதி இதுதான். செய்யப்போவதைச் சொல்லு. அது ஏன் பலிக்கும் என்பதற்குக் கதையில் ஏற்கெனவே வந்த காரணங்களைச் சொல்லு. இரண்டு காரணம் நின்றால் நடந்தது. ஒன்று நின்றால் நடந்தது, ஆனால் ஒரு விலை. ஒன்றும் நிற்காவிட்டால் நடக்கவில்லை, ஒரு அனுபவப் புள்ளி எழுதிக்கொள். "பனி இறங்கியிருக்கு, அவங்களுக்கு எங்களைத் தெரியாது. ரெண்டாவது, நான் செருப்பக் கழட்டிட்டேன்." இரண்டு காரணம். உள்ளே போகலாம்.

இதில் இழந்ததும் உண்டு. கட்டைக்கு மாமன் மச்சான் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பின்வாங்குப் பிள்ளைக்கும் அது ஒரே மாதிரித்தான் விழும். காரணம் சொல்லும் முறையில் நாக்கு நீளமான பிள்ளை முன்னுக்கு வந்துவிடும், டீச்சரின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லவும் பழகிவிடும். எனவே தீர்ப்பு என்னுடையது அல்ல. காரணம் நிற்குமா என்று மேசையில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் முடிவு செய்வார்கள். குறைவாகக் கதைத்தவருக்கு முதலில் முறை. திடீர்த் திருப்பத்தில் எல்லோரும் கதிரையை விட்டு எழும்பிக் கத்துகிற அந்தச் சந்தோஷம், கட்டை உருண்ட நாட்களில் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, ஒருவர் சொல்வதை ஐந்து பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அந்த வாப்பாவின் மகனும் புதன்கிழமை வருகிறான்.

கடைசியாக, கேட்டவர்களுக்கு நேரடிப் பதில்.

தனியாக ஒரு பிள்ளைக்கு என்றால், 1982 இல் ஸ்டீவ் ஜக்சன், இயன் லிவிங்ஸ்டன் எழுதிய ஃபயர்டொப் மவுன்டன் புத்தகம் போன்றவை. இரண்டு கட்டை, பென்சில், அழிறப்பர் போதும்.

பெரியவர்கள் நாலைந்து பேர் கூடி விளையாட, ஐந்தாம் பதிப்பு. மூன்று பெரிய புத்தகங்களும் வாங்கத் தேவையில்லை. 2014 இல் ஒன்றின் விலை 49.95 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் கிட்டத்தட்ட 15,000 ரூபா. அடிப்படை விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் உரிமத்தை இறுக்கப் போய், பெரிய எதிர்ப்பு வந்து, கடைசியில் விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் தமிழில் மொழிபெயர்க்கலாம்.

வகுப்புக்கு என்றால் பழைய 1981 விதி. ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் அதை ஒழுங்காகத் திருப்பி எழுதியிருக்கிறார்கள், அடிப்படைப் பகுதி இலவசம். பக்கத்தில் டன்ஜன் வேர்ல்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வாசித்துவிட்டு மூடி வையுங்கள். உங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். எந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை, எந்த விதி அவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது என்று பாருங்கள். அந்த விதியை எடுத்துவிடுங்கள். அதுதான் உங்கள் பதிப்பு.

எங்கள் விதி இரண்டு பக்கம், கையால் எழுதியது. வேண்டுமானவர்கள் கீழே சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன். போட்டோ கொப்பி எடுத்தால் பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். பிள்ளைகளுக்கு வரைபடம் போட இடம் வேண்டும்.